மர வளையத்தில் சூரியனைத் தேடியவர்

மரத்தின் வயது தெரிய வேண்டுமானால் வெட்டுமுகத்தில் உள்ள வளையங்களை எண்ணு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சரிதான். ஆனால் பழைய வீட்டை இடிக்கும்போது கழற்றிய ஓர் உத்தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 120 வளையங்கள் இருப்பதாக எண்ணிவிட்டோம். அந்த மரம் 120 வருஷம் வாழ்ந்திருக்கிறது. எந்த 120 வருஷம்? 1700இல் வெட்டினார்களா, 1850இல் வெட்டினார்களா? எண்ணிக்கை இதற்குப் பதில் சொல்லாது. எத்தனை வருஷம் என்பது ஒரு கேள்வி, எந்த வருஷம் என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை காணும் முறையை உருவாக்கியவர் ஒரு வானியலாளர். அவருக்கு மரத்தின் வயதைப் பற்றியோ பழைய வீடுகளைப் பற்றியோ முதலில் பெரிய அக்கறை கிடையாது. அவர் தேடியது சூரியனை.

ஆண்ட்ரூ எலிகாட் டக்ளஸ் 1867இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்டு வானாய்வகத்தில் சேர்ந்து, பெரு நாட்டின் அரெகிப்பாவில் அவர்களுடைய ஆய்வு நிலையத்தை அமைக்கும் வேலையைப் பார்த்தார். 1894இல் பெர்சிவல் லோவெல் என்ற செல்வந்தர் செவ்வாய்க் கோளைப் பார்ப்பதற்கென்றே ஒரு வானாய்வகம் கட்ட விரும்பினார். தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு அரிசோனாவில் ஊர் ஊராகப் போய் வானம் எங்கே தெளிவாக இருக்கிறது என்று சோதித்தவர் டக்ளஸ்தான். அப்படித் தேர்வான இடம் ஃபிளாக்ஸ்டாஃப். சுற்றிலும் பொண்டெரோசா பைன் காடு.

செவ்வாயில் கால்வாய்கள் இருப்பதாகவும், அறிவுள்ள உயிர்கள் அவற்றை வெட்டியிருப்பதாகவும் லோவெல் நம்பினார். டக்ளஸும் முதலில் கோடுகளைப் பார்த்தவர்தான். ஆனால் அவருக்குச் சந்தேகம் வந்தது. வட்டத் தட்டுகளையும் உருண்டைகளையும் தூரத்தில் நிறுத்திச் செயற்கைக் கோள்களாக வைத்துக்கொண்டு தொலைநோக்கி வழியே பார்த்தார். செவ்வாயில் தெரிந்தவற்றுள் சில தோற்றங்கள் இந்தப் பொம்மைக் கோள்களிலும் தெரிந்தன. அப்படியானால் அவை கண் செய்யும் வேலை. இதை அவர் லோவெலின் நெருங்கிய உறவினருக்குக் கடிதத்தில் எழுதினார். 1901இல் வேலை போயிற்று. அடுத்த சில ஆண்டுகள் ஃபிளாக்ஸ்டாஃபிலேயே ஸ்பானிஷ் பாடம் நடத்தினார், உள்ளூர்த் தேர்தலில் நின்று நீதிபதிப் பதவி வகித்தார். 1906இல் டூசானில் உள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் நம்பிவிடக் கூடாது என்ற இந்தப் பாடம் மர வளையத்துக்கு வரும்போது அவருக்குப் பெரிய துணையாக இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது கைவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சூரியனில் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறைகின்றன. இந்த ஏற்ற இறக்கம் பூமியின் மழையையும் வெயிலையும் பாதிக்கிறதா? டக்ளஸை வாழ்நாள் முழுக்கத் துரத்திய கேள்வி இது. விடை காணப் பல நூறு வருஷத்து மழைக் கணக்கு வேண்டும். அரிசோனாவில் மழையை அளக்கத் தொடங்கியே சில பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. வறண்ட நிலத்தில் குதிரை வண்டியில் பயணம் போனபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. அங்கே மரத்தின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது தண்ணீர். தண்ணீரைத் தருவது மழையும் பனியும். மழையைச் சூரியன் ஆட்டிவைக்கிறது என்றால், மரத்தின் வளையத்தில் சூரியன் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். 1904இல் ஃபிளாக்ஸ்டாஃப் மரவாடிக்குப் போய், அறுத்துப் போட்டிருந்த மரங்களின் வெட்டுமுகங்களை அளக்க ஆரம்பித்தார்.

பைன் போன்ற ஊசியிலை மரங்களில் வளையம் உருவாகும் விதம் எளிது. பட்டைக்கு அடியில் வருஷத்துக்கு ஓர் அடுக்கு மரம் சேர்கிறது. இளவேனிலில் வேகமாக வளரும்போது செல்கள் பெரிதாக, வெளிர் நிறமாக இருக்கும். கோடை முடியும்போது செல்கள் சிறுத்து, சுவர் தடித்து, கருத்த கோடாக நிற்கும். பனிக்காலத்தில் வளர்ச்சி நின்றுவிடும். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் அடுக்கு அகலமாகவும் பொய்த்த வருஷத்தில் ஒடுக்கமாகவும் இருக்கும். இதை டக்ளஸுக்கு முன்பே பலர் கவனித்திருக்கிறார்கள். லியனார்டோ டா வின்சி குறித்து வைத்திருக்கிறார். கணிப்பொறிக்கு வித்திட்ட சார்லஸ் பாபேஜ் 1838இல் எழுதியிருக்கிறார். டக்ளஸ் கூடுதலாகச் செய்தது ஒப்பிடுவது.

நம் ஊரில் பிறந்த தேதி தெரியாத முந்தைய தலைமுறைப் பெரியவர்கள், “தாது வருஷப் பஞ்சத்துக்கு ரெண்டு வருஷம் முந்தி” என்று வயதைச் சொன்னதைக் கேள்விப்பட்டிருப்போம். பஞ்சம் எல்லாருக்கும் பொது. அதனால் ஊர் முழுக்க அதை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். மரங்களுக்கும் அப்படித்தான். ஒரு வட்டாரத்தில் மழை பொய்த்தால் அங்குள்ள பைன் மரங்கள் எல்லாவற்றிலும் அந்த வருஷ வளையம் ஒடுங்கிப்போகும். ஒரு பஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது, பஞ்சம் பலமுறை வரும். ஆனால் ஒரு கடும் வறட்சி, மூன்று வருஷம் நல்ல மழை, அடுத்தடுத்து இரண்டு வறட்சி, அப்புறம் ஒரு சுமாரான வருஷம் என்று போகிற வரிசை 60, 70 வருஷ நீளத்துக்கு அப்படியே திரும்பி வருவது நடக்காத காரியம் என்றே சொல்லலாம். வெட்டிய வருஷம் தெரிந்த ஒரு மரத்தின் வரிசையை மனப்பாடமாக வைத்திருந்தால், தெரியாத மரத்தில் அதே வரிசை எங்கே வருகிறது என்று தேடலாம். டக்ளஸ் அப்படித்தான் ஃபிளாக்ஸ்டாஃபில் ஓர் அடிக்கட்டையைப் பார்த்து, இது சுமார் 10 வருஷத்துக்கு முன் வெட்டியது என்று வருஷத்தைச் சொன்னார். நிலத்துக்காரர் ஆமாம் என்றார். 1911இல் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள ப்ரெஸ்காட் மரங்களிலும் அதே வரிசை இருப்பதைக் கண்டதும் அவருக்கு நம்பிக்கை உறுதிப்பட்டது.

இந்த ஒப்பிடும் வேலையில்தான் அவருடைய உண்மையான பெருமை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏனென்றால் மரம் சில சமயம் ஏமாற்றும். கடும் வறட்சியில் மரத்தின் ஒரு பக்கத்தில் வளையமே விழாமல் போகும். நடுவில் வெயில் அடித்து மறுபடி மழை பெய்தால் ஒரே வருஷத்தில் இரண்டு வளையம் போலத் தெரியும். ஒரு மரத்தை எவ்வளவு கவனமாக எண்ணினாலும் இந்தப் பிழை பிடிபடாது. பல மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிடிபடும். எல்லா மரத்திலும் இருக்கும் ஒரு வளையம் இதில் மட்டும் இல்லையென்றால், இதில் விடுபட்டிருக்கிறது. டக்ளஸ் சவர பிளேடால் மரத்தின் முகத்தைச் சீவி, ஒடுங்கிய வளையங்களை மட்டும் வரைபடத் தாளில் செங்குத்துக் கோடுகளாகக் குறித்தார். எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு நீளக் கோடு. இரண்டு தாள்களை ஒன்றின் கீழ் ஒன்று வைத்து நகர்த்தினால், கோடுகள் பொருந்தும் இடம் வந்ததும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இன்றும் மாணவர்கள் முதலில் கற்பது இதைத்தான்.

அவர் எவ்வளவு பிடிவாதமானவர் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். கலிஃபோர்னியாவின் பிரம்மாண்டமான சீக்வோயா மரங்களில் 3,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வளையங்களை அவர் அளந்திருந்தார். அதில் 1580ஆம் ஆண்டு வளையம் ஒன்று சந்தேகத்துக்கு இடமாக இருந்தது. அது தனி வளையமா, பக்கத்து வளையத்தின் பகுதியா? ஒன்று தவறினால் அதற்கு முந்தைய 2,800 வருஷமும் ஒரு வருஷம் பிசகும். இந்த ஒற்றை வளையத்துக்காக 1919இல் அவர் மறுபடி அந்தக் காட்டுக்குப் போய்ப் புதிய மாதிரிகள் எடுத்து வந்தார்.

எல்லா மரமும் இதற்கு உதவாது. ஓடைக்கரையில், வேருக்கு எப்போதும் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் நிற்கும் மரத்தில் வளையங்கள் எல்லாம் ஒரே அகலமாக இருக்கும். எந்த வருஷமும் அதற்கு ஒன்றுதான். பாறைச் சரிவில், மண் குறைந்த இடத்தில் ஒவ்வொரு மழைக்கும் காத்துக்கிடக்கும் மரத்தில்தான் வருஷங்கள் வேறுபட்டுப் பதிகின்றன.

தொல்லியல் இந்தக் கதைக்குள் வந்தது 1914இல். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கிளார்க் விஸ்லர், டக்ளஸின் ஆய்வைப் பற்றி அறிந்து, பழைய இடிபாடுகளிலிருந்து மரத்துண்டுகள் தருவதாக எழுதினார். அமெரிக்காவின் தென்மேற்கில் புவெப்லோ மக்களின் முன்னோர் கட்டிய பெரிய கல் வீடுகள் நிற்கின்றன. நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் உள்ள புவெப்லோ போனிட்டோவில் மட்டும் நூற்றுக்கணக்கான அறைகள். ஆனால் எழுத்து இல்லை, நாணயம் இல்லை, கல்வெட்டு இல்லை. எந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூரைக்குப் போட்ட பைன் உத்தரங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

டக்ளஸ் 1919இல் முதல் முடிவைச் சொன்னார்: ஆஸ்டெக் என்று பெயர் பெற்ற இடிபாட்டின் உத்தரங்கள், புவெப்லோ போனிட்டோவின் உத்தரங்களைவிட 40 முதல் 45 வருஷம் பிந்தி வெட்டப்பட்டவை. இரண்டு கட்டடங்களுக்கும் உள்ள வருஷ இடைவெளி தெரிந்துவிட்டது, ஆனால் இரண்டுமே எந்த நூற்றாண்டு என்று தெரியாது! வேடிக்கையாகத் தோன்றலாம், நமக்கு இது புதிதில்லை. சோழர் கல்வெட்டில் “யாண்டு 25ஆவது” என்று இருக்கும். ஆட்சியின் 25ஆம் ஆண்டு என்று தெரியும். அதே அரசனின் வேறு கல்வெட்டுகளை முன்பின்னாக அடுக்கிவிடலாம். ஆனால் அந்த அரசன் எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான் என்பது வேறு வழியில் தெரிந்தால்தான் மொத்த அடுக்கும் காலத்தில் ஊன்றி நிற்கும். டக்ளஸிடம் இருந்ததும் அப்படி மிதக்கும் ஓர் அடுக்குதான். இடிபாட்டு மரங்களைக் கோத்து 585 வருஷ நீளத்துக்கு அதை வளர்த்துவிட்டார். மறுபக்கம் உயிருள்ள மரங்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லும், ஆண்டு உறுதியான அடுக்கு. இரண்டும் சந்திக்க வேண்டும்.

நேஷனல் ஜியோகிராஃபிக் சொசைட்டி பணம் கொடுத்தது. சாக்கோவில் அகழாய்வு நடத்திய நீல் ஜட் இதற்குப் பின்னால் நின்றார். 1923, 1928, 1929 ஆகிய ஆண்டுகளில் உத்தரம் தேடியே மூன்று பயணங்கள். ஹோப்பி பழங்குடி மக்கள் இன்றும் வாழும் அரிசோனாவின் ஓரைபி கிராமத்தில், பழைய உத்தரங்களைப் புது வீட்டிலும் எடுத்துப் போடுவது வழக்கம். அதனால் வீட்டுக் கூரையே பல நூற்றாண்டு மரக் களஞ்சியமாக இருந்தது. பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, பரிசுகள் கொடுத்து, குழல் போன்ற துரப்பணத்தால் மெல்லிய மாதிரி எடுத்து, துளையை அடைத்துக் கொடுத்தார்கள். பிறருடைய தலைக்கு மேல் இருக்கும் கூரையில் துளை போடுகிறோம் என்ற உணர்வு அந்தக் குழுவுக்கு இருந்திருக்கிறது. இந்த மரங்களால் உறுதியான அடுக்கு 1260 வரை பின்னால் போயிற்று. ஆனாலும் சந்திப்பு நிகழவில்லை.

எங்கே தேடுவது என்பதற்கு மட்பாண்டம் வழி சொன்னது. எந்த வகை ஓடு எந்த வகைக்கு அடுத்து வருகிறது என்பதை வைத்து, இடைவெளிக் காலத்து ஊர்கள் எவை என்று ஊகித்தார்கள். எரிந்த வீடுகள் உள்ள ஊராகவும் பார்த்தார்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் மரம் மட்கிப் போகும், கரி மட்காது. கரியிலும் வளையங்கள் துல்லியமாகத் தெரியும். 1929 ஜூன் 22 அன்று அரிசோனாவின் ஷோ லோ என்ற சிற்றூரில், எமில் ஹவுரி, லிண்டன் ஹார்கிரேவ் என்ற இரு இளைஞர்கள் ஒரு கரிந்த உத்தரத்தைக் கண்டெடுத்தார்கள். உதிர்ந்துவிடாமல் நூலால் சுற்றினார்கள். ஹெச்ஹெச்-39 என்று எண் கொடுத்தார்கள். அதன் கடைசி வளையம் 1380 என்று டக்ளஸ் சீக்கிரமே கண்டுகொண்டார். அங்கிருந்து ஒவ்வொரு வளையமாக உள்ளே போனார். நடுவில் உள்ள வளையம் 1237. மிதந்துகொண்டிருந்த 585 வருஷ அடுக்கின் கடைசி வளையங்கள் அந்தக் கரிக்கட்டைக்குள்ளேயே இருந்தன.

அன்று வெளிப்பட்ட இன்னொரு விஷயம் என்னை எப்போதும் ஆச்சரியப்படுத்துகிறது. இடைவெளி என்ற ஒன்று உண்மையில் இருக்கவே இல்லை. இரண்டு அடுக்குகளும் ஏற்கெனவே சில வருஷங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துதான் கிடந்தன. ஆனால் அந்த வருஷங்களுக்கான மரத்துண்டுகள் மிகக் குறைவு. இருந்தவற்றிலும் வளையங்கள் ஒட்டி ஒடுங்கிக் கிடந்தன. பொருத்தம் இருப்பதுபோல் தோன்றினாலும் உறுதியாகச் சொல்ல அவர் தயாராக இல்லை. செவ்வாயில் கோடு பார்த்தவர்கள் போலத் தானும் ஆகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் எனக்குத் தெரிகிறது. வளையங்கள் ஒடுங்கியதற்கும் துண்டுகள் கிடைக்காததற்கும் காரணம் ஒன்றுதான். 1276 முதல் 1299 வரை அந்த நிலப்பரப்பைப் பெரும் வறட்சி வாட்டியது. மக்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். புது வீடு கட்டவில்லை, மரம் வெட்டவில்லை.

1929 டிசம்பரில் டக்ளஸ் முடிவுகளை வெளியிட்டார். ஒரே மூச்சில் ஏராளமான இடிபாடுகளுக்கு ஆண்டு கிடைத்தது. அடுக்கு கி.பி. 700 வரை போயிற்று. புவெப்லோ போனிட்டோவில் அப்போது கிடைத்திருந்த மிகப் பழைய உத்தரம் 919இல் வெட்டப்பட்டது. அதன் செழிப்பான காலம் 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. தஞ்சைப் பெரிய கோயில் எழுந்த நூற்றாண்டு என்று சொன்னால் நமக்கு மனத்தில் பதியும். மேசா வெர்டேயின் குன்றுக் குடியிருப்புகளிலிருந்து 1300 வாக்கில் மக்கள் அனைவரும் வெளியேறியதற்கு இந்த வறட்சியைக் காரணமாகக் காட்டினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் வறட்சி மட்டும் போதாது, சண்டையும் சமூக மாற்றங்களும் சேர்ந்திருக்கின்றன என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. வளையம் மழையைச் சொல்லும், மனிதர்கள் எடுத்த முடிவைச் சொல்லாது.

புவெப்லோ மக்கள் மரத்தைப் பட்டை மட்டும் உரித்து முழு உருட்டாகவே பயன்படுத்தியது டக்ளஸின் அதிர்ஷ்டம். நம் ஆசாரிமார் மரத்தின் வெளிப்பக்கத்து வெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிட்டு, உள்ளே வைரம் பாய்ந்த பகுதியை மட்டும்தான் எடுப்பார்கள். வீட்டுக்கு அது நல்லது, ஆண்டு கணிப்பவருக்கு இழப்பு. வெளி வளையங்கள் போய்விட்டால், இந்த வருஷத்துக்குப் பிறகுதான் வெட்டியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், பனிக்காலம் இல்லாத ஊரில் பல மரங்களுக்குத் தெளிவான ஆண்டு வளையமே கிடையாது. தென்னை, பனையில் வளையம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தேக்கு விதிவிலக்கு. வறண்ட மாதங்களில் இலை உதிர்த்து வளர்ச்சியை நிறுத்துவதால் அதில் வளையம் விழுகிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் கேரளத் தேக்குகளைக் கொண்டு 1481 முதல் 2003 வரை 523 வருஷ அடுக்கு ஒன்றைக் கட்டி, பருவமழை பொய்த்த ஆண்டுகளை அதில் படித்திருக்கிறார்கள்.

டக்ளஸ் 1937இல் டூசானில் மர வளைய ஆய்வகத்தைத் தொடங்கினார். கால்பந்து மைதானத்தின் படிக்கட்டு இருக்கைகளுக்கு அடியில் கிடைத்த இடத்தில் அது பல பத்தாண்டுகள் இயங்கியது. அங்கே அவருடைய உதவியாளராக இருந்த எட்மண்ட் ஷுல்மன், கலிஃபோர்னியாவின் வெள்ளை மலைகளில் 4,600 வயதைத் தாண்டிய பிரிஸ்டில்கோன் பைன் மரத்தை 1957இல் கண்டார். பின்னால் வந்தவர்கள் பட்டுப்போன மரங்களையும் கோத்து அடுக்கைப் பல ஆயிரம் வருஷம் நீட்டினார்கள். ஐரோப்பாவில் ஓக், பைன் மரங்களைக் கொண்டு தனியாக இன்னொன்று வளர்ந்தது. இன்று இது 12,000 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

இதன் பயன் நம் வாசல் வரைக்கும் வந்திருக்கிறது. கீழடியில் கிடைத்த கரித்துண்டு ஒன்றுக்கு கி.மு. 580 என்று காலம் கணித்தார்கள். அந்தக் கரியில் வளையம் எண்ணவில்லை, உயிர் போனபின் காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன்-14 அணுக்கள் அதில் எவ்வளவு மிஞ்சியிருந்தன என்று அளந்தார்கள். ஆனால் காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. ஆண்டு உறுதியாகத் தெரிந்த மர வளையங்களை அளந்து உருவாக்கிய திருத்த வளைகோட்டை வைத்துத்தான் ஆய்வகம் தரும் எண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்றுகிறார்கள். கி.மு. 800க்கும் 400க்கும் இடையே அந்த வளைகோடு கிட்டத்தட்டச் சமதளமாகப் போகிறது. அதனால் அந்தக் காலத்து மாதிரி எதுவானாலும், ஒற்றை ஆண்டைவிட அதோடு சொல்லப்படும் எல்லைகளைப் படிப்பதே நியாயம். கீழடி விவாதங்களில் இந்த ஒரு விவரத்தையும் சேர்த்துப் பேசினால் எவ்வளவோ தெளிவாக இருக்கும்.

சரி, சூரியன் என்னவாயிற்று? டக்ளஸ் அதை விடவே இல்லை. வளைய வரிசைகளில் மறைந்திருக்கும் சுழற்சிகளைக் கண்ணால் பார்ப்பதற்கென்று ஓர் ஒளியியல் கருவியைத் தானே வடிவமைத்தார். 11 ஆண்டுச் சுழற்சி தெரிகிறது என்று எழுதினார். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தச் சுழற்சி மரங்களில் மங்கிப்போவது அவருக்குப் புரியாமல் இருந்தது. 1645 முதல் 1715 வரை சூரியனில் கரும்புள்ளிகளே அநேகமாக இல்லை என்று இங்கிலாந்து வானியலாளர் மாண்டர் 1922இல் அவருக்கு எழுதியபோது, தன் கணிப்புக்குக் கிடைத்த பெரிய சான்றாக அதை எடுத்துக்கொண்டார். ஆனால் பிற்காலப் புள்ளியியல் சோதனைகளில் வளைய அகலத்துக்கும் கரும்புள்ளிக்கும் உள்ள தொடர்பு நிற்கவில்லை. நான் முன்பு சொன்ன அந்த ஓர் இடம் இதுதான். செவ்வாயில் கண் ஏமாற்றுவதைக் கண்டுபிடித்தவருக்கு, தன் கருவியில் தெரிந்த சுழற்சிகளை அதே கடுமையோடு சோதிக்க மனம் வரவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. அந்த ஆசை இல்லாவிட்டால் அவர் மரவாடிப் பக்கமே போயிருக்க மாட்டார்.

டக்ளஸ் 1962இல் இறந்தார். ஐம்பது வருஷம் கழித்து, 2012இல், ஜப்பானில் ஃபூசா மியாகே தலைமையிலான குழு யாகுஷிமா தீவின் பழைய செடார் மரத்தை வருஷம் வருஷமாக அளந்தபோது, 774–775 வளையங்களில் கார்பன்-14 திடீரென்று எகிறியிருப்பதைக் கண்டது. சூரியனின் மாபெரும் வெடிப்பு ஒன்று அதற்குக் காரணம் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். அதே போன்று 993இல் நிகழ்ந்த இன்னோர் எகிறலை அடையாளமாக வைத்து, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங்குகள் 1021இல் மரம் வெட்டினார்கள் என்று 2021இல் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. அதே 2021இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 969 முதல் 1933 வரையிலான வளையங்களின் கார்பன்-14 அளவை ஒவ்வொன்றாக அளந்து, சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி அவற்றில் வரிசையாகப் பதிந்திருப்பதைக் காட்டினார்கள். வளையத்தின் அகலத்தில் டக்ளஸ் தேடியது, வளையத்தின் அணுக்களில் இருந்தது.